கீபோர்டுக்குள் இருப்பது யாருடைய மூச்சு?

வானொலி அறிவிப்பாளர் வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வேலை, வார இறுதித் திருமண விருந்துகளில் மேடை அறிவிப்பு. ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு வரை எத்தனையோ மண்டபங்களில் மைக் பிடித்திருக்கிறேன். மேடையின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு கீபோர்டு கலைஞர் உட்கார்ந்திருப்பார். மணமக்கள் நுழையும்போது நாதஸ்வரம், கேக் வெட்டும்போது வயலின் கூட்டம், இளைஞர்கள் ஆட எழும்போது தப்பும் உறுமியும். எல்லாம் அவருடைய 10 விரல்களிலிருந்தே வரும். பாட்டு முடிந்ததும் யாராவது ஓர் அப்பாவோ அம்மாவோ என்னிடம் வந்து கேட்பார்கள்: "ஏம்மா, என் பையன் கீபோர்டு கிளாசுக்குப் போறான். எந்தக் கீபோர்டு வாங்குனா இந்த நாதஸ்வரம் வரும்?"

ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். நம் வீடுகளில் பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய கருவிகள், முதல் 10 ஒலிகளைத் தாண்டாமலேயே அலமாரி மேல் ஏறிவிடுகின்றன. 'ஒலி போதவில்லை' என்று மறுபடியும் பணம் கட்டி ஒலித்தொகுப்பு வாங்குகிறார்கள். அது சில நேரம் அந்தக் கருவியில் ஒலிப்பதே இல்லை. கீபோர்டுக்குள் ஒலி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், வாசிப்பும் உயரும். அதோடு, நம் வாத்தியங்களைப் பற்றிய ஒரு பெரிய கேள்வியும் அங்கே காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாம்பிள் என்பது என்ன?

வானொலி நிலையத்தில் என் மேசைத் திரையில் வரிசையாகச் சதுரப் பொத்தான்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் நிலையத்தின் அடையாள இசை. இன்னொன்றைத் தொட்டால் கைத்தட்டல். அந்தக் கைத்தட்டலை யாரும் அப்போது தட்டுவதில்லை. என்றோ ஒரு நாள் யாரோ தட்டியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். கீபோர்டின் கட்டைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு வாத்தியத்தின் ஒலியை மைக் முன் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்த சிறு துண்டுதான் 'சாம்பிள்'.

பதிவு என்றால் எண்கள். குறுந்தட்டுத் தரத்தில் ஒலி ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட், அதாவது 2 பைட். ஆக, ஒற்றைத் தடத்தில் ஒரு விநாடி ஒலிக்கு 88,200 பைட் நினைவகம் தேவை. கேட்க அற்பமாகத் தோன்றும். ஒரு பியானோவின் 88 கட்டைகளையும், மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, மிகப் பலமாக என்று 4 விதமாக, தலா 10 விநாடி பதிவு செய்து பாருங்கள். 3,520 விநாடி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். நினைவகம் ஏறக்குறைய 300 மெகாபைட். அதுவும் ஒரே ஒரு வாத்தியத்துக்கு.

நினைவகம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் இது நடக்காத காரியம். அதனால் பொறியாளர்கள் சில சிக்கன வழிகளைக் கண்டுபிடித்தார்கள். முதலாவது, ஒவ்வொரு கட்டைக்கும் பதிவு செய்யாமல் நாலைந்து கட்டைகளுக்கு ஒரு சாம்பிள் வைப்பது. பக்கத்துக் கட்டையை அழுத்தினால் அதே சாம்பிளைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டுவார்கள், சுருதி மாறும். ரொம்ப தூரம் இழுத்தால் வேஷம் கலையும். கேசட்டை வேகமாக ஓட்டினால் பாடகர் குருவி போலக் கீச்சிடுவாரே, அதே கதை.

இரண்டாவது, சுழற்சி. எந்த வாத்தியத்திலும் ஒலி பிறக்கும் முதல் கணத்தில்தான் அதன் முகம் தெரிகிறது. வீணையில் மீட்டு, வயலினில் வில் தொடும் உரசல், நாதஸ்வரத்தில் சீவாளி விழிக்கும் சத்தம். அந்தத் தொடக்கத்தை முழுதாக வைத்துக்கொண்டு, பின்னால் வரும் சீரான பகுதியில் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். கட்டையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒலி நிற்காது. மூன்றாவது, விரலின் பலத்துக்கு ஏற்ப வெவ்வேறு சாம்பிள்களை மாற்றிக் கொடுப்பது. மெதுவாகத் தொட்டால் ஒரு பதிவு, ஓங்கி அடித்தால் வேறு பதிவு.

புரோகிராம்: சரக்கு அல்ல, சமையல்

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கீபோர்டில் 'புல்லாங்குழல்' என்று தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுப்பது சாம்பிளை அல்ல, ஒரு 'புரோகிராமை'. சாம்பிள் அரிசி, பருப்பு மாதிரி. புரோகிராம் சமையல் குறிப்பு. 'இந்தச் சாம்பிளை எடு. ஒலி எழும் வேகம் இவ்வளவு. கையை எடுத்தபின் அடங்கும் நேரம் இவ்வளவு. கூர்மையை ஃபில்டரால் இவ்வளவு குறை. ஒரு விநாடிக்குப் பிறகு லேசாக அதிர்வு கொடு. கடைசியில் மண்டபத்தின் எதிரொலியைச் சேர்.' இவ்வளவுதான் ஒரு புரோகிராம்.

ஒரே அரிசியில் சோறும் வடிக்கலாம், இட்லியும் சுடலாம். ஒரே வயலின் கூட்டச் சாம்பிளை எடுத்து, எழும் வேகத்தை மெதுவாக்கி, அடங்கும் நேரத்தை நீட்டினால் பாடகருக்குப் பின்னால் விரியும் மெத்தை போன்ற ஒலி. அதையே சட்டென எழவும் சட்டென அடங்கவும் வைத்தால் நடனப் பாட்டில் வரும் வெட்டு வெட்டான இசை. கேட்பவர் இரண்டும் வேறு வேறு பதிவுகள் என்று சத்தியம் செய்வார்.

இதற்கும் மேலே இன்னொரு படி உண்டு. பல புரோகிராம்களை ஒரே விசைப்பலகையில் பரப்புவது. இடது கையில் வயலின் கூட்டம், வலது கையில் புல்லாங்குழல், அதற்கு அடியில் மெல்லிய மணி ஓசை. இதை ஒரு வாழையிலை விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் இந்தப் படிகளுக்குத் தன் இஷ்டப்படி பெயர் வைத்திருப்பதுதான் தலைவலி. கோர்க் கருவிகளில் மல்டிசாம்பிள், புரோகிராம், காம்பினேஷன். ரோலண்டின் ஜேவி, எக்ஸ்பி வரிசைகளில் வேவ்ஃபார்ம், டோன், பேட்ச், பெர்ஃபார்மன்ஸ். யமஹா மோட்டிஃப் வரிசையில் வேவ்ஃபார்ம், எலிமென்ட், வாய்ஸ், பெர்ஃபார்மன்ஸ். பெயர்ப்பலகை வேறு, வீடு ஒன்றுதான். சரக்கு எது, சமையல் எது, விருந்து எது என்று மூன்று கேள்வி கேட்டால் எந்தக் கருவியிலும் வழி தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் எத்தனை ஒலி கேட்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1994இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 கருவியில் 64 குரல்கள். ஆனால் ஒரு பேட்ச் 4 டோன்களை அடுக்கிச் செய்யப்பட்டிருந்தால், ஒரு கட்டைக்கே 4 குரல் செலவாகும். 64ஐ 4ஆல் வகுத்தால் 16 சுரங்கள்தான். மேடையில் திடீரென்று ஒலி பாதியில் அறுந்தால் கருவி பழுது என்று நினைக்காதீர்கள். இலையில் அளவுக்கு மேல் பரிமாறிவிட்டோம் என்று அர்த்தம்.

48 விநாடிக்குள் ஓர் இசைக்குழு

இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1963இல் இங்கிலாந்தில் வந்த மெலட்ரான் கருவியில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஓர் ஒலிநாடாத் துண்டு இருந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் 8 விநாடியில் நாடா தீர்ந்துவிடும், கட்டையை விட்டுத்தான் மறுபடி அழுத்த வேண்டும். 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற கணினி இசைக்கருவியைக் கொண்டுவந்தார்கள். வெளி ஒலியைப் பதிவு செய்து கட்டைகளில் வாசிக்க முடிந்தது. ஆனால் சாதாரண இசைக்கலைஞர் அண்ணாந்து பார்க்கும் விலை.

1980களின் உலகப் பாப் பாடல்களில் ஒட்டுமொத்த வாத்தியக்குழுவும் சேர்ந்து 'டாங்!' என்று ஒரே அடி அடிக்கும் ஒலி கேட்டிருப்பீர்கள். அது ஃபேர்லைட்டோடு வந்த ஒரு சாம்பிள். ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசையின் ஒலிப்பதிவிலிருந்து நறுக்கிய துண்டு. ஒரு முழு இசைக்குழு ஒரு நாள் உட்கார்ந்து வாசித்ததில் ஒரு கணம், உலகம் முழுவதும் நடனமாடப் போய்விட்டது. வாசித்தவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

எளியவர் கைக்கும் இந்த வசதியைக் கொண்டுவந்ததில் முக்கியமானது 1988இல் வந்த கோர்க் எம்1. சாம்பிள்கள், எதிரொலி போன்ற ஒப்பனைகள், 8 தடங்களில் பாட்டைப் பதிந்து வைக்கும் வசதி எல்லாம் ஒரே பெட்டியில். 'வொர்க்ஸ்டேஷன்' என்ற சொல் கீபோர்டு உலகில் நிலைபெற இந்தக் கருவி பெரிய காரணம். அதன் சாம்பிள் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 4 மெகாபைட். நாம் மேலே போட்ட கணக்குப்படி, குறுந்தட்டுத் தரத்தில் 48 விநாடிகூட வராது. நான் காலையில் படிக்கும் போக்குவரத்துச் செய்தி அதைவிட நீளம். அந்தக் கொஞ்ச இடத்தில் பியானோ, வயலின், குழல், கோரஸ், மேளம் என்று ஓர் உலகத்தையே அடுக்கினார்கள். சரக்கு கொஞ்சம், சமையல் அபாரம். உங்கள் வீட்டுக் கருவியில் அதைப்போல நூறு மடங்கு சரக்கு இருக்கலாம். குறை எங்கே இருக்கிறது என்று யோசிக்க இது நல்ல உதாரணம்.

பந்தியில் யாருக்கு இலை?

இனி, முதலில் சொன்ன பெரிய கேள்வி. எந்த வாத்தியத்தைச் சாம்பிள் எடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

1983இல் வந்த மிடி என்ற பொது மொழியால் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. 1991இல் அதன் மேல் 'ஜெனரல் மிடி' என்ற ஒழுங்கு வந்தது. எந்தக் கருவியாக இருந்தாலும் 1ஆம் எண் பியானோ, 41ஆம் எண் வயலின் என்று மொத்தம் 128 ஒலிகளுக்கு நிரந்தர இடம் ஒதுக்கினார்கள். இந்தப் பட்டியலில் இந்திய வாத்தியங்களைத் தேடிப் பாருங்கள். 105ஆம் எண்ணில் சிதார், 112ஆம் எண்ணில் ஷெனாய். அவ்வளவுதான். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை.

தாள வாத்தியங்களுக்குத் தனிப் பட்டியல், 47 ஒலிகள். அதில் தபலாகூட இல்லை. ஆனால் பிரேசில் நாட்டின் 'குய்க்கா' இருக்கிறது, அதுவும் இரண்டு விதமாக. குய்க்கா என்பது அடிக்கும் மேளமல்ல, தேய்க்கும் மேளம். தோலோடு இணைந்த குச்சியை ஈரத்துணியால் தேய்த்தால் முனகும். நம்மிடம் அப்படி ஒன்று இல்லையா என்ன? உறுமி! ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து எழும் அந்த உறுமலைக் கேட்காமல் பத்துமலைத் தைப்பூசம் உண்டா? கடல் கடந்த உறவுக்காரருக்கு இரண்டு இலை போட்ட பந்தியில் நம் உறுமிக்கு ஓர் இலை இல்லை.

இதில் சதி ஒன்றும் இல்லை. பட்டியல் போட்டவர்கள் தங்கள் காதுக்குப் பழகியதை வைத்தார்கள். பின்னாளில் சந்தை விரிந்தது. ரோலண்ட் நிறுவனம் எஸ்ஆர்-ஜேவி80 வரிசையில் ஆசிய இசைக்கென்றே ஒரு விரிவாக்கப் பலகையைக் கொண்டுவந்தது. யமஹா பிஎஸ்ஆர்-ஐ என்ற பெயரில் இந்திய ஒலிகளும் தாளங்களும் கொண்ட கீபோர்டுகளை விற்றது. ஆனாலும் நம் ஊர்க் கோயில் திருவிழாவில் கேட்கும் ஒலி, கடையிலிருந்து வரும் பெட்டியில் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குத்தான் விரிவாக்கம்.

விரிவாக்கம் எத்தனை வகை?

'எக்ஸ்பான்ஷன்' என்ற ஒரே சொல்லில் நான்கு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டக்கூடாது.

முதல் வகை, வெறும் புரோகிராம்கள். புதுச் சமையல் குறிப்புகள் மட்டும், சரக்கு ஏற்கெனவே உங்கள் கருவியில் இருப்பதுதான். கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். நல்ல கைகள் செய்திருந்தால் பழைய கருவி புதுசு போல ஒலிக்கும். ஆனால் உள்ளே இல்லாத உறுமியை இது கொண்டுவராது.

இரண்டாவது வகை, பலகைகள். கருவியைத் திறந்து உள்ளே பொருத்துவது. ஜேவி-1080இல் இப்படி 4 பலகைகள் பொருத்தலாம், தலா 8 மெகாபைட். கோர்க் டிரைட்டனுக்கு இஎக்ஸ்பி-பிசிஎம் என்ற பலகைகள். இவற்றில் புதுச் சரக்கும் அதற்கான சமையலும் சேர்ந்தே வரும், மின்சாரம் போனாலும் அழியாது. ஆனால் பழையவை இப்போது கைமாறித்தான் கிடைக்கும்.

மூன்றாவது வகை, தற்காலிக நினைவகம். 1999இல் வந்த டிரைட்டனில் நாமே சாம்பிள் எடுக்க 16 மெகாபைட் இடம் இருந்தது, 64 வரை கூட்டலாம். சிக்கல் என்னவென்றால், கருவியை அணைத்தால் அத்தனையும் காற்றில் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன் மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து ஃபிளாப்பி வட்டு ஒன்றில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும். 16 மெகாபைட்டுக்கு 12 வட்டுகள். மேடைக்குப் பின்னால் ஒருவர் வட்டு மாற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

நான்காவது வகை, நிலையான நினைவகம். 2010இல் வந்த யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப் கருவியில் ஃபிளாஷ் பலகைகள் வழியாக 2 ஜிகாபைட் வரை சேர்க்கலாம், அணைத்தாலும் அழியாது. பின்னர் வந்த மாடெக்ஸ் கருவியில் பயனருக்கென்று 1 ஜிகாபைட் உள்ளேயே இருக்கிறது. 2011இல் வந்த கோர்க் குரோனோஸ், கணினியைப் போல எஸ்எஸ்டி வட்டிலிருந்தே சாம்பிள்களை ஓட விட்டு வாசித்தது.

எல்லா வகைக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. புரோகிராமுக்குள் சாம்பிள் இருக்காது. 'இன்ன இடத்தில் இருக்கும் சாம்பிளை எடு' என்ற முகவரி மட்டுமே இருக்கும். நண்பர் கருவியிலிருந்து நாதஸ்வரப் புரோகிராமை மட்டும் யூஎஸ்பியில் நகலெடுத்து வந்தால், உங்கள் கருவி அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டும். அங்கே யாரும் இல்லையென்றால் மௌனம். வேறு யாராவது குடியிருந்தால் நாதஸ்வரம் என்று பெயர் காட்டி டிரம்ஸ் ஒலிக்கும். 'பணம் கொடுத்து வாங்கினேன், வேலை செய்யலை' என்ற புலம்பல்களில் நிறைய இந்த வகைதான்.

இதைவிடக் கொடுமை, முழுத் தொகுப்பை அப்படியே ஏற்றுவது. சில கருவிகளில் புதுக் கோப்பு, நீங்கள் மாதக்கணக்கில் செதுக்கி வைத்த புரோகிராம்களின் மேலேயே எழுதிவிட்டுப் போய்விடும். அதனால் எதை ஏற்றும் முன்னும் இருப்பதை யூஎஸ்பியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் ஓர் உறுமி

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றுக்கு அடையாள இசை தேவைப்பட்டது. கடையில் கிடைத்த ஒலித்தொகுப்பு எதிலும் உறுமி உறுமியாக இல்லை. கிள்ளானில் இருக்கும் கீபோர்டு கலைஞர் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், "நாமளே எடுத்துடலாம்மா" என்றார். அவரிடம் மோட்டிஃப் எக்ஸ்எஃப் இருந்தது. அவர் தாமானிலேயே உறுமி மேளக் குழு ஒன்றில் வாசிக்கும் தம்பி ஒருவரை அழைத்தோம். வார நாளில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் மேளம்.

அண்ணன் வீட்டுச் சாமான் அறையில் மெத்தைகளைச் சுவரோரம் சாய்த்து எதிரொலியை அடக்கினோம். ஒரு மைக், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. பிரச்சினை உடனே தெரிந்தது. பியானோ என்றால் கட்டைக்கு ஒரு சுருதி. உறுமிக்கு அப்படி ஒரு நிலையான சுருதியே கிடையாது. குச்சியின் அழுத்தமும் வேகமும் மாற மாற உறுமல் வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். ஒரே ஒரு தேய்ப்பைப் பதிவு செய்து பல கட்டைகளில் இழுத்தால் கார்ட்டூன் சத்தம்தான் வரும்.

அதனால் குட்டைத் தேய்ப்பு, நடுத்தரம், நீளம், ஏறும் உறுமல், இறங்கும் உறுமல் என்று பிரித்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை வாங்கினோம். மறுபக்கத்து அடிகளை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக எடுத்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கட்டை. சுழற்சி வேண்டாம், சுருதி இழுப்பு வேண்டாம், அழுத்தினால் முழுதாக ஒரு தடவை ஒலித்து முடியட்டும் என்று அண்ணன் புரோகிராம் எழுதினார். மாலை ஆறு மணிக்கு முதல் தடவை வாசித்துக் காட்டினார். அறையில் இருந்த எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

தம்பி சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நல்லா இருக்குண்ணே. இனிமே என்னைக் கூப்பிட வேண்டியதில்லைதானே?"

கேலியாகச் சொன்னாரா, மனசிலிருந்து சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. கோயில்களில் பூசை நேரத்தில் மேளமும் மணியும் அடிக்க மின்சார இயந்திரம் வந்தபோது எத்தனை கைகள் ஓய்ந்தன என்று நமக்குத் தெரியும். திருமண மண்டபத்தில் ஒரு கீபோர்டு உட்கார்ந்த இடத்தில் முன்பு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. "காவடி எடுக்கிறவருக்கு அருள் வர்றப்போ நீ எப்படி வாசிப்ப, வாசிச்சுக் காட்டு" என்றார். தம்பி உறுமியை எடுத்தார். கண்ணை எதிரில் இல்லாத ஒருவரின் கால் மீது வைத்துக்கொண்டு வாசித்தார். அந்தக் கால் தயங்கினால் உறுமல் தயங்கும், அது துள்ளினால் முந்தும். எங்கள் 30 சொச்சம் துண்டுகளில் அது இல்லை. சாம்பிளுக்குக் காது உண்டு, கண் கிடையாது. காவடிக்கு முன்னால் நடக்க மனிதர்தான் வேண்டும். ஆனால் விருந்து மண்டபத்துக்குச் சாம்பிள் போதும் என்பதும் உண்மை. அதனால் அன்றே கணக்கை நேர் செய்தோம். ஒரு மேடை நிகழ்ச்சிக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். அரைப் பக்கத் தாளில் மூன்று வரி: இந்த ஒலி இந்த நிகழ்ச்சிக்கும் அண்ணனுடைய மேடைக்கும் மட்டும், வேறு யாருக்கும் நகல் கொடுப்பதென்றால் தம்பியைக் கேட்க வேண்டும், நிகழ்ச்சியில் அவர் பெயர் வாசிக்கப்படும். இன்றும் யாராவது "அந்த உறுமி சவுண்டைக் குடுங்கண்ணே" என்று கேட்டால், அண்ணன் தம்பியின் தொலைபேசி எண்ணைத்தான் கொடுக்கிறார்.

அந்த நாதஸ்வரத்துக்கு என்ன பதில்?

மண்டபத்தில் கேட்ட பெற்றோருக்கு இப்போது முழுப் பதில் சொல்லலாம். நாதஸ்வரத்தின் உயிர் கமகத்தில். வித்வான் மூச்சாலும் விரலாலும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குகிறார். கீபோர்டில் அதற்குச் சமமானது இடதுகைப் பக்கம் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம், அல்லது ஜாய்ஸ்டிக். பல கருவிகளில் அதன் வீச்சு மேலே ஒரு முழுச் சுரம், கீழே ஒரு முழுச் சுரம் என்று வைத்திருப்பார்கள். தேவைக்கேற்ப மாற்றலாம்.

அடுத்து, புரோகிராமை 'மோனோ' முறைக்கு மாற்றுங்கள். அப்போது ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் ஒலிக்கும். நாதஸ்வர ஒலியில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்று வித்வான்கள் ஒருவரையொருவர் பார்த்து முறைப்பது போலத்தான் கேட்கும். 'லெகாட்டோ'வை இயக்கினால், விரலை எடுக்காமல் அடுத்த கட்டைக்குப் போகும்போது ஒலி புதிதாகப் பிறக்காமல் தொடரும், ஒரே மூச்சில் ஊதியது போல. வாசிக்கும்போது மூச்சு வாங்க இடம் விடுங்கள். இதையெல்லாம் செய்தால் சுமாரான சாம்பிளும் பேசும். செய்யாவிட்டால் விலை உயர்ந்த சாம்பிளும் லாரி ஹாரன்தான்.

பணம் கொடுக்கும் முன்

புதுக் கருவியோ ஒலித்தொகுப்போ வாங்கப் போகும் குடும்பங்களுக்குச் சில கேள்விகள்:

* இதில் சாம்பிள் இருக்கிறதா, புரோகிராம் மட்டுமா? நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

* என் கருவியின் சரியான மாடலுக்கு இது பொருந்துமா? ஒரே வரிசையில் வந்த அண்ணன், தம்பி மாடல்களுக்குக்கூட கோப்பு மாறும்.

* எவ்வளவு நினைவகம் வேண்டும், என்னிடம் எவ்வளவு இருக்கிறது? அணைத்தால் அழியுமா, நிற்குமா?

* மாதிரி ஒலியை எதிரொலி இல்லாமல் கேட்க முடியுமா? அதிகமான எதிரொலி, சரியாக எடுக்காத சாம்பிளுக்குப் பூசும் பவுடர்.

* பழைய கருவி வாங்கினால், கடையில் கேட்ட ஒலி கருவியோடு வந்ததா, முந்தைய உரிமையாளர் ஏற்றியதா? பின்னதென்றால் அந்தக் கோப்பையும் சேர்த்து வாங்குங்கள்.

* இதைப் பதிவு செய்தவர் யார்? மலிவு விலை யூஎஸ்பியில் ஆயிரம் ஒலி என்றால், அந்த ஆயிரத்தில் யாரோ ஒருவரின் உழைப்புக்குச் சம்பளம் போகவில்லை என்றே பொருள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், வீட்டில் இருக்கும் கருவியோடு ஒரு மாதம் உட்காருங்கள். கையேட்டின் பின்பக்கத்தில் ஒலிப்பட்டியல் இருக்கும். பிள்ளையிடம் வாரத்துக்கு ஒரு புரோகிராம் கொடுங்கள். எழும் வேகம், அடங்கும் நேரம், ஃபில்டர், எதிரொலி இந்த நான்கை மட்டும் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்ததை வேறு பெயரில் சேமிக்கட்டும். ஒரு மாதத்தில் நான்கு புது ஒலிகள், செலவு ஒரு காசில்லை. அதன் பிறகும் 'இது போதவில்லை' என்று பிள்ளை சொன்னால், என்ன போதவில்லை என்று அதற்கே தெரிந்திருக்கும். அப்போது வாங்குங்கள்.

128 பேர் உட்கார்ந்த பழைய பந்தியில் நம் வாத்தியங்களுக்கு இலை கிடைக்கவில்லை என்று இனியும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு மைக்கும், நாலு மெத்தையும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் நம் பந்தியை நாமே போடலாம். உங்கள் தாமானில் தவில் வாசிக்கும் பெரியவர் இருக்கலாம், தப்பு அடிக்கும் இளைஞர் இருக்கலாம். போய்க் கேளுங்கள். முதலில் அவருக்குத் தேநீர் கொடுங்கள், அடுத்து சம்பளத்தைப் பேசுங்கள். அப்புறம் மைக்கைத் திறக்கலாம்.